இடிதாங்கி மாமா எழுந்துவிடுவார்

பூச்சோங்
21 ஏப்ரல் 2024

அக்கா,

கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

என் நம்பரை நீங்கள் தடை செய்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. யஷுவுக்கு அனுப்பிய குடையும் ஸ்டிக்கரும் பெட்டியைப் பிரிக்காமலே திரும்பி வந்தன. தபால்காரரைத் தடை செய்ய முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். பத்து வருடமாகப் படம் வரைகிற கை இது, எழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறின மாதிரிதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் தவறிய அன்று நான் வேலையாகக் கூச்சிங்கில் இருந்தேன். விமானம் கிடைத்து, பினாங்கில் இறங்கி, டாக்சி பிடித்து பீடோங் வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்த ஒரே தம்பி, வாய்க்கரிசி போடக்கூட வந்து சேரவில்லை. அந்தக் கோபம் உங்களுக்கு இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

ஆனால் பதினாறாம் நாள் நீங்கள் செய்தது எனக்கு இன்னும் புரியவில்லை. யஷு என் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, இடிதாங்கி மாமா மாதிரி பேசுங்க மாமா" என்று கெஞ்சினாள். பேசினேன். "ஒண்ணுமில்லடா, தவறிட்டேன்" என்று அந்தக் குரலில் சொன்னதும் பிள்ளை கை தட்டிக் குதித்தாள். அத்தனை நாள் இறுகிப் போயிருந்த வீட்டில் ஒரு குழந்தை சிரித்ததே என்று எனக்குக் கண் கலங்கியது. நீங்கள் சமையல்கட்டிலிருந்து வந்து என் பையைத் தூக்கி வாசலில் வைத்தீர்கள். "கெளம்பு" என்று ஒரே வார்த்தை. படையல் சோறு ஒரு வாய் சாப்பிட விடவில்லை. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கார்ட்டூன் இடிதாங்கி மாமா டிவியிலிருந்து பெரிய திரைக்குப் போகிறார். வருடக் கடைசியில் வெளியீடு. படம் முழுக்க மழை, புயல், இடி. வழக்கம்போல வரைவதும் நான்தான், மாமாவுக்குக் குரலும் நான்தான். மச்சானை இடி கொண்டுபோன பிறகு அந்தக் காட்சிகளை வரைய எனக்குக் கை வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் வரைந்தேன். சிரித்தால்தான் பிள்ளைகளுக்குப் பயம் போகும் என்று நம்புகிறேன். மே மாத விடுமுறையில் சுங்கைப் பட்டாணியில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாதிப் படம் போட்டுக் காட்டப் போகிறோம். யஷுவை முன்வரிசையில் உட்கார வைக்க ஆசை. அழைத்து வருவீர்களா?

உங்கள் தம்பி
லோகேஸ்வரன்


பீடோங்
2 மே 2024

லோகு,

நீ லேட்டாக வந்ததற்கு நான் கோபப்படவில்லை. விமானத்தை நீயா ஓட்டுகிறாய்?

உன் கடிதத்தில் "மச்சான் தவறிய அன்று" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் இருக்கிறது. உனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

அன்று அவர் செமிலிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போயிருந்தார். மதியம் மழை பிடித்துக்கொண்டது. குலை வெட்டுகிற அலுமினியக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு நடந்திருக்கிறார். கூட வேலை செய்யும் பக்கிரிசாமி அண்ணன் கொஞ்ச தூரம் பின்னால் வந்திருக்கிறார். வெளிச்சம் வந்தது, சத்தம் கேட்பதற்குள் வசந்தன் கீழே கிடந்தான் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினார்கள். யஷுவுக்கு அப்போது ஆறு வயது. காளியம்மா அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பா தவறிட்டாரும்மா கண்ணு" என்று அழுதார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். தவறிட்டாரு, தவறிட்டாரு. சாவு வீட்டில் வேறு என்ன சொல்வார்கள்? நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

பிள்ளை முகத்தில் சிரிப்பு வந்தது, லோகு.

"தவறிட்டாரா? அப்படின்னா எந்திரிச்சிருவாரு" என்றாள். போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண ஆரம்பித்தாள். இடி விழுந்தால் உன் இடிதாங்கி மாமா மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிடுவார் இல்லையா? வாயில் கரும்புகை விட்டு, இருமிக்கொண்டே, "தவறிட்டேன்" என்பார். இவள் நூறு வரை எண்ணினாள். பாலர் பள்ளியில் நூறு வரைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். தூக்க வந்தவர்களைப் பார்த்து, "இன்னும் எண்ணி முடிக்கல, இருங்க லா" என்று கத்தினாள். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் அவளை விலக்க முடிந்தது.

அதற்கப்புறம் அவள் அழவே இல்லை. தவறி விழுந்த மனிதர் எங்கேயோ எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறாள். பதினாறாம் நாள், இன்றைக்கு எப்படியாவது என் வாயால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து வருகிறேன். நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா, தவறிட்டேன்" என்கிறாய். அவள் குதிக்கிறாள். உன் பை ஏன் வாசலுக்குப் போனது என்று இப்போது புரிகிறதா?

சினிமாவுக்கு நாங்கள் வரவில்லை. குடையெல்லாம் அனுப்பாதே.

தேவகி


பூச்சோங்
7 மே 2024

அக்கா,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இன்று செவ்வாய். நேற்றும் இன்றும் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் அப்பா செம்மண் பாதையில் மோட்டாரோடு சறுக்கி விழுந்தால், எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, தவறிட்டேன்" என்பார். முட்டியில் ரத்தம் வழியும். நாம் அழ வாயெடுத்தவர்கள் சிரித்துவிடுவோம். அதைத்தான் எடுத்து இடிதாங்கி மாமா வாயில் வைத்தேன். சாவு வீட்டு அர்த்தம் எனக்குத் தெரியாதா? தெரியும். நானே உங்களுக்கு அப்படி எழுதினேனே. ஆனால் இரண்டையும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பிள்ளை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

என் தொழிலில் மழை ஒரு சௌகரியம், அக்கா. ஒருத்தனுக்கு மனசு சரியில்லை என்று காட்ட வேண்டுமா, அவன் தலைக்கு மேல் மட்டும் ஒரு மேகம். கெட்டவன் வருகிறானா, காற்று, மின்னல், தானாக அடித்துக்கொள்ளும் ஜன்னல். சிரிப்பு வேண்டுமா, குடை பின்பக்கம் மடங்கும், இடி விழும், எலும்பு தெரியும், மீசை மட்டும் பற்றி எரியும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த காட்சியில் வெயில் வந்துவிடும். இத்தனை வருடம் வரைந்தும் இது பொய் என்று எனக்குத் தோன்றியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பொய் பொய்யே இல்லை என்று நினைத்தேன். எல்லோருக்கும் என்றால் பெரியவர்களுக்கு என்று இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதி, அடித்து, மறுபடியும் எழுதுகிறேன். தோட்டத்து வீட்டில் இடி இடித்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். நீங்கள் தலைமுடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கண்ணை உருட்டி, டமாலென்று விழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு எழுந்திருப்பீர்கள். நான் சிரித்துக்கொண்டே வெளியே வருவேன். இடிதாங்கி மாமாவின் முதல் படம் அதுதான். மீசை மட்டும்தான் நான் சேர்த்தது.

உங்கள் மேல் பழியைத் தூக்கிப் போடவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் பயந்து கிடக்கும் பிள்ளையைச் சிரிக்க வைப்பது தப்பு என்று சொல்ல இன்னும் எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நான் கட்டிலுக்கு அடியிலேயே வளர்ந்திருப்பேன்.

நான் வருகிறேன். அவளிடம் பேசுகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே பஸ் ஏறுவேன்.

லோகு


பீடோங்
13 மே 2024

லோகு,

வராதே. இப்போது வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆமாம், நான்தான் அப்படிச் செய்வேன். மறந்தே போயிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, உன் மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காக உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை லீவில் யஷுவைக் காளியம்மா அத்தை வீட்டில் விட்டுவிட்டு, டிவியில் வந்த உன் படத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் சிரித்தும் விட்டேன், அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்ல. ஆனால் உன் ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் யாருக்கும் துணி காயாமல் போவதில்லை. சேறான பள்ளிச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி யாரும் கழுவுவதில்லை. மின்னலும் சத்தமும் ஒரே நேரத்தில் வருகின்றன. இங்கே வெளிச்சம் முதலில் வரும், சத்தம் அப்புறம்தான் வரும். அந்த நடுவில்தான் மனுஷனுக்குப் பயம் வரும், வீட்டுக்குள் ஓடுவான். உன் படத்தில் அந்த நடு இல்லவே இல்லை.

நேற்று ஞாயிறு, இங்கே வெள்ளியும் சனியும்தான் லீவு, அதனால் பள்ளி இருந்தது. நளினி டீச்சர் நான் வேலை செய்கிற ஃபேக்டரிக்கே போன் அடித்தார். ஓய்வு முடிந்த நேரம் இடிமழை பிடித்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில். யஷு மட்டும் பள்ளித் திடலில், அந்தப் பாடாங்கில், கோல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். டீச்சர் நனைந்துகொண்டே ஓடிப்போய்த் தூக்கி வந்திருக்கிறார். அவர்கள் வகுப்புக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் வேலியோரத் தென்னையில் இடி இறங்கியது. மரத்தை நான் போய்ப் பார்த்தேன். உச்சி கருகி நிற்கிறது.

வீட்டுக்கு வந்து அடித்தேன். முதுகில் என் விரல் பதிந்துவிட்டது. அழவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்து, "இடிதாங்கி மாமாவுக்கு எத்தன தடவ இடி விழுந்திச்சி, ஒண்ணும் ஆகல லா. எனக்கும் விழுந்திச்சின்னா அப்பா எங்க எந்திரிச்சாருன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "யஷு, அப்பா வந்து..." என்றேன். வரவில்லை. கிட்டத்தட்ட ஏழு மாதம், அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. ஃபேக்டரியில் கேட்டாலும், பள்ளியில் ஃபாரம் நிரப்பும்போது கேட்டாலும், தவறிட்டாரு என்றுதான் நானும் சொல்கிறேன். செத்துட்டாரு என்று சொன்னால் நானே அவரைச் சாகடித்தது போல இருக்கிறது.

நீ சொல்லு. அவள் நம்புவது உன்னைத்தான். மழையும் இடியும் உன் வீட்டில் செய்து அனுப்புகிற சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேரில் வந்தால் உன் குரலைக் கேட்டதுமே சிரிப்பாள். போனிலும் அதே கதைதான். அதனால்தான் வராதே என்றேன். எழுது. ஒன்றாம் ஆண்டு போகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கடைத்தெருவில் ஒரு பலகையைப் படிக்காமல் விடுவதில்லை. பெரிய எழுத்தில் எழுது. சுற்றி வளைக்காதே. படம் போடாதே. சீக்கிரம் அனுப்பு. இங்கே தினமும் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வருகிறது. நான் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தேவகி


பூச்சோங்
15 மே 2024

அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

காலையிலிருந்து தாள் தாளாகக் கிழிக்கிறேன். முதலில் "காலமானார்" என்று எழுதினேன். சாப்பாட்டு நேரமாச்சு என்பது போல என்னமோ நேரமாகியிருக்கிறது என்று நினைப்பாள். அப்புறம் "மறைந்தார்". ஒளிந்து விளையாடுகிறார் என்று தேடக் கிளம்பிவிடுவாள். "சாமிகிட்ட போயிட்டார்" என்றால், எந்தக் கோயில், எப்ப வருவார் என்பாள். "நம்மை விட்டுப் போயிட்டார்" என்றால் நம் மேல் கோபித்துக்கொண்டு போனார் என்றாகிவிடும். சாவை மூடி வைக்க நம்மிடம் எத்தனை வார்த்தை இருக்கிறது, அக்கா. எல்லாமே பெரியவர்களுக்கு ஆறுதலாகச் செய்து வைத்தது. ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, என் தொழிலே பிள்ளைகளுக்கு எழுதுவதுதான்.

கடைசியில் எழுதியது தனித் தாளில் இருக்கிறது. அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

"யஷு,
இடிதாங்கி மாமா ஒரு படம். நான் வரைந்த படம். அவருக்கு உடம்பு கிடையாது. அதனால் இடி விழுந்தாலும் எழுந்துவிடுவார்.
அப்பாவுக்கு உடம்பு இருந்தது. அப்பா மேல் இடி விழுந்தது. அப்பா செத்துப் போனார். செத்துப் போனவர் எழுந்திருக்க மாட்டார். நூறு எண்ணினாலும் ஆயிரம் எண்ணினாலும் எழுந்திருக்க மாட்டார்.
எல்லோரும் தவறிட்டார் என்று சொன்னார்கள். விழுந்துவிட்டார் என்று நீ நினைத்தாய். செத்துவிட்டார் என்பதைத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். உனக்கு அது தெரியாது. உன் மேல் தப்பு இல்லை. அந்த வார்த்தையை விளையாட்டாக எழுதியது நான். தப்பு என்னுடையது.
இடி இடித்தால் வீட்டுக்குள் வந்துவிடு.
லோகு மாமா"

இவ்வளவுதான். எழுதி முடித்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். மச்சானுக்காக நான் அழுததும் இப்போதுதான்.

நேற்று எங்கள் டைரக்டர் பரஞ்சோதியிடம் இடிக் காட்சிகளை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். நல்ல மனிதர்தான். "இடி இல்லாம இடிதாங்கி மாமா எதுக்கு லா?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வசனத்தை மட்டும் மாற்றச் சம்மதித்தார். என் குரலை நான் எடுத்துக்கொண்டேன். இனி வேறு ஒருவர் பேசுவார். மற்றப் பிள்ளைகள் சிரிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நம் பிள்ளை இடி இடிக்கும்போது வீட்டுக்குள் வர வேண்டும்.

கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. இதைப் படித்துவிட்டு அவள் என்னோடு பேசாமலே போனாலும் சரி.

லோகு


பீடோங்
22 மே 2024

லோகு,

வியாழக்கிழமை வந்தது. ஒரு நாள் பூராவும் அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தேன்.

வாசல்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தாள். நான் கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் இருந்தேன். உடம்பு கிடையாது என்ற இடத்தில் சிரித்தாள். அடுத்த வரியில், "செத்... துப்" என்று கூட்டி அங்கேயே நின்றாள்.

"செத்துன்னா, லாரி அடிச்சிச்சே அந்தப் பூன, அது மாரியா?"

"ஆமா" என்றேன். என்னால் முடிந்தது அந்த ஒரு ஆமாதான்.

மீதியையும் படித்து முடித்தாள். நாலாக மடித்துப் பள்ளிப் பையில் வைத்தாள். பசிக்குது என்றாள். தோசை ஊற்றினேன். மூன்று தின்றாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு உன் மேல் மறுபடியும் கோபம் வந்தது. இத்தனை எழுதியும் பிள்ளைக்கு ஏறவில்லையே என்று. சனி, ஞாயிறு, திங்கள் மழை இல்லை. காலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு, மதியத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தேன். அவளை என் கண்ணை விட்டு நகர விடவில்லை.

நேற்று நான்கு மணிக்கு ஒரேயடியாக இருட்டிக்கொண்டு வந்தது. காற்று வேறு. காயப் போட்ட துணி ஞாபகம் வந்து கொல்லைக்கு ஓடினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் நிற்பது வெட்டவெளியில், என் கை இருப்பது கொடிக் கம்பியில். எனக்கு அந்தப் புத்தி இல்லை, துணி நனைந்துவிடுமே என்றுதான் இருந்தது. அப்போது மின்னியது. பின்னாலிருந்து அவள் குரல்.

"அம்மா, உள்ள வாங்க. துணிய விடுங்கம்மா. செத்துப் போயிருவீங்க."

போட்டது போட்டபடி ஓடினேன். கதவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால்கூட வெளியே வைக்கவில்லை. எட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அப்புறம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீடு அதிர அழுதாள். நானும் அழுதேன். அப்பா செத்துட்டாரும்மா என்று நானும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அழுகைக்கு நடுவில் என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள். "அன்னிக்கி அப்பாவ யாருமே உள்ள வாங்கன்னு கூப்பிடலயா, ம்மா?"

இரவு தூங்கப் போகும்வரை கேட்டாள். காலையில் எழுந்ததும் கேட்டாள். மாமாவிடம் கேட்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போனில் வேண்டாம். வெள்ளிக்கிழமை நேரில் வா.

அக்கா